கல்லும் மண்சாந்தும்: நேபாளத்துக்கு வீடு செப்பனிடப் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

நேபாளத்தின் நடுமலைக் கிராமங்களில் பழைய வீடுகளில் பெரும்பாலானவை கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டியவை. 2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்கா மாவட்டத்தில் மையம் கொண்ட 7.8 அளவு நிலநடுக்கத்தில் சுமார் 5 லட்சம் வீடுகள் அழிந்தன; கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். 2023 நவம்பர் 3 இரவு ஜாஜர்கோட், மேற்கு ருகும் பகுதியில் வந்தது அதைவிட மிகச் சிறிய நடுக்கம். அதிலும் 150 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது ஒரே வகைச் சுவர். இன்னும் நின்றுகொண்டிருக்கும் அந்த வீடுகளைப் பலப்படுத்தத் தொண்டராகப் போக விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். இரண்டு வாரம் விடுப்பு எடுத்து அங்கே போய் ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டைச் சரிசெய்துவிட முடியுமா? அல்லது விமானக் கட்டணத்தை அவர்களுக்கே அனுப்பிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கல் சுமக்கவும் மண் குழைக்கவும் மட்டும்தான் போகிறீர்கள் என்றால் பணத்தை அனுப்பிவிடுங்கள். அந்த வேலையை ஊர்க்காரர்கள் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள், அவர்களுக்குக் கூலியும் கிடைக்கும். முதுகில் டோகோ கூடை, நெற்றியில் நாம்லோ பட்டை, அதில் 50 கிலோ சிமெண்ட் மூட்டையோடு ஏறுகிறவர்களுக்குப் பக்கத்தில் நம்மால் வெறுங்கையோடு ஏறுவதே சிரமம்.

ஆனால் நீங்கள் படித்த படிப்புக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. கிராமத்துக் கொத்தனாரை அங்கே டகர்மி என்பார்கள், தச்சரைச் சிகர்மி என்பார்கள். கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த இடத்தில் உட்காரும் என்று டகர்மி சொல்லிவிடுவார். கம்பியும் வலையும் சிமெண்டும் அவருக்குப் பிற்பாடு வந்தவை. கொக்கி எந்தப் பக்கம் மடங்க வேண்டும், வலை எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், தண்ணீர் எத்தனை நாள் விட வேண்டும் என்பதில்தான் வேலை கெடுகிறது. அளந்து பார்க்க, குறித்துவைக்க, விட்டுப்போனதைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் முழு நேரமும் வேலையிடத்தில் இருந்தால் வீட்டின் தரம் கண்கூடாக மாறும்.

இரண்டு வாரத்தில் ஒரு வீடு முடியாது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடவே 10 நாள் போய்விடும். முதலில் எது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். எங்கள் பதில்: கூரைச் சரிவுக்கு அடியில் மேலே நிற்கும் முக்கோணச் சுவர், அடுத்து சுவரின் இரண்டு முகங்களையும் பிணைப்பது, அதற்கடுத்து மூலைகள். தரை, வர்ணம், கதவு மெருகு எல்லாம் பிறகு. புகைப்படத்தில் அழகாக விழுவது வர்ணம்தான். அந்த வர்ணம் பூசிய சுவர் குழந்தையின் மேல் சரிந்தால் நாம் செய்தது உதவியாகாது.

கேள்வி: கல்சுவரின் "இரண்டு முகங்களைப் பிணைப்பது" என்று எல்லாக் கையேட்டிலும் வருகிறது. முன்னால் கட்டி முடித்த சுவரில் அதை எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அந்தச் சுவரின் கனம் பெரும்பாலும் 45 சென்டிமீட்டர். வெளியே பார்த்தால் ஒரே சுவர். உண்மையில் அது உள்வரிசை ஒன்று, வெளிவரிசை ஒன்று, நடுவே சிறு கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய இடம். இந்தியத் தர நிர்ணய விதிப்படி, சுவர்க்கனம் முழுவதும் குறுக்கே போகும் நீளக்கல்லை உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றும், கிடையாக அதிகபட்சம் 1.2 மீட்டருக்கு ஒன்றும் வைக்க வேண்டும். நீளக்கல் கிடைப்பது அரிது, உடைத்தெடுக்கச் செலவு. அதனால் விட்டுவிடுவார்கள். பூமி ஆடும்போது நடுவிலுள்ள மண் கீழே இறங்கி ஆப்பு போல இரண்டு வரிசைகளையும் பிரிக்கும். வெளிவரிசை தெருவில் விழும், உள்வரிசை படுக்கையில் விழும்.

நின்றுகொண்டிருக்கும் சுவரில் அந்த நீளக்கல்லுக்குப் பதிலாகக் கான்கிரீட் பிணைப்பு வார்க்கலாம். முதலில் மாடித்தளத்தைத் தாங்கும் விட்டங்களுக்குக் கீழே மரத்தால் முட்டுக் கொடுங்கள். சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் சுமார் 1 மீட்டர் இடைவெளியில் புள்ளி வையுங்கள். ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் மேலே அடுத்த வரிசைப் புள்ளி வரக் கூடாது, நடுவில் தள்ளி வர வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நிற்க வேண்டும். புள்ளியில் உள்ள ஒரு கல்லைச் சுற்றி மண்ணை முனைக்கம்பியால் சுரண்டி, சிறு கடப்பாரையால் இடவலமாக ஆட்டி மெல்ல உருவுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். ஓங்கி ஒரு அடி அடித்தால் பக்கத்துக் கல் பத்தும் மண்ணிலிருந்து விட்டுவிடும். நடுவிலுள்ள சிறுகல்லைக் கையால் அள்ளி எடுத்து, மறுமுகக் கல்லையும் அதேபோல் உருவினால் சுமார் 75 மில்லிமீட்டர் துளை கிடைக்கும். இரண்டு வாயும் அகன்றும் நடு ஒடுங்கியும் இருக்கட்டும். அந்த வடிவம்தான் பின்னால் சுவரைக் கவ்விப் பிடிக்கும்.

துளைக்குள் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. ஊற்றினால் மண்சாந்து கரைந்துவிடும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சிறு ஜல்லி. 10 மில்லிமீட்டர் சிப்ஸ் போதும். கலவை கெட்டியாக இருக்கட்டும். துளையின் பாதிவரை திணித்துக் குத்தி, இரு முனையிலும் கொக்கி வளைத்த 8 மில்லிமீட்டர் கம்பியை வைத்து, மீதியையும் திணித்து மூடுங்கள். கொக்கி முனை வெளியே தெரியக் கூடாது. இரண்டு பக்கமும் 2.5 சென்டிமீட்டர் கான்கிரீட் அதை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். பிறகு 10 நாள் இரு முகத்திலும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாக்குத்துணியை நனைத்து ஆணியில் தொங்கவிட்டால் தண்ணீர் மிச்சமாகும். மலையில் தண்ணீரும் தலைச்சுமைதான்.

ஒரு சுவரில் ஒரே நேரத்தில் ஆறு துளைக்கு மேல் திறக்காதீர்கள். அந்த ஆறும் அடுத்தடுத்ததாக இருக்கக் கூடாது. கீழிருந்து மேலாகப் போங்கள்.

அளவுக் கணக்கு: வெளியளவு 6 மீட்டர், 4.5 மீட்டர் கொண்ட வீட்டில் ஒரு தளத்தின் சுவர் உயரம் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கதவு சன்னல் போக ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 40 பிணைப்பு. அதற்கு 2 மூட்டை சிமெண்டும் சுமார் 10 கிலோ கம்பியும் போதும். இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு பெரிய பலன் தரும் வேலை இந்த வீட்டில் வேறு இல்லை. விலை எல்லாம் பொறுமைக்குத்தான்.

கேள்வி: நான் 30 ஆண்டாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். சுவரின் இரண்டு பக்கமும் நல்ல சிமெண்ட் பூச்சாகப் பூசிவிட்டால் பலம் வந்துவிடாதா? எதற்குத் துளை, வலை என்று சுற்றி வளைக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: செங்கல், சிமெண்ட் சாந்துச் சுவரில் உங்கள் கை வேலை நிற்கும். மண்சாந்துச் சுவர் வேறு. அது ஈரத்தை இழுத்து இரண்டு முகத்திலும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். முழுக்கச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, அடிப்பகுதியில் மண் ஊறி வலுவிழக்கும். வெளியே பார்க்க ஓடு போல் உறுதியாக இருக்கும். தட்டினால் மட்டும் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கும். கம்பியில்லாத வெறும் பூச்சு இழுவிசையையும் தாங்காது. ஆட்டத்தில் பலகை பலகையாக உரிந்து விழும்.

அதனால் சிமெண்டைப் பட்டையாக மட்டும் ஓட்ட வேண்டும். சன்னல் தலைக்கு மேலே வீட்டைச் சுற்றி, இடுப்பில் ஒட்டியாணம் கட்டுவதுபோல. இதற்குப் பற்றவைத்த கம்பிவலை, 10 கேஜ் (கம்பியின் தடிமன் எண்), 25 சென்டிமீட்டர் அகலம். பட்டை ஓடும் இடத்தில் பழைய பூச்சை எடுத்து, கல்லிடுக்கில் 2 சென்டிமீட்டர் ஆழம் மண்ணைச் சுரண்டி, ஈரப்படுத்தி, 1:3 சிமெண்ட்-மணல் கலவையில் ஒன்றேகால் சென்டிமீட்டர் முதல் பூச்சு. அதன்மேல் வலை. பிறகு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இரண்டாம் பூச்சு. வலைத்துண்டு சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அந்தச் சேர்க்கை மூலையில் வரவே கூடாது. மூலையில் வலை முறியாமல் வளைந்து திரும்ப வேண்டும், ஏனென்றால் சுவர்கள் முதலில் பிரிவது அங்கேதான்.

உங்களுக்குப் பழகிய ஒன்று இங்கே ஏமாற்றும். 15 சென்டிமீட்டர் ஆணி அடித்து வலையைப் பிடிக்கச் சொல்வார்கள். மண்சாந்தில் ஆணி பல இடத்தில் பல் ஆடுவதுபோல் ஆடும். ஆகவே உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை ஓட்டி, சுவரைத் துளைத்துப் போகும் கம்பியால் இரண்டையும் பிணையுங்கள். முன் பதிலில் சொன்ன கான்கிரீட் பிணைப்புகளில் ஒரு வரிசையை இந்த மட்டத்தில் வருமாறு புள்ளி வைத்தால், அந்த வரிசையில் மட்டும் கொக்கியை மூடாமல் விட்டு வலையோடு கட்டிவிடலாம்; மேல்பூச்சு அதை மூடிவிடும். 6 × 4.5 மீட்டர் வீட்டுக்கு வெளிப்பட்டைக்கு 22 மீட்டர் வலை, 3 மூட்டை சிமெண்ட் ஆகும்.

மற்ற இடமெல்லாம் மண்பூச்சே. வைக்கோல், சாணம் கலந்து குழைத்த செம்மண்ணை அங்குள்ள பெண்கள் பூசுவார்கள். ராதோ மாட்டோ என்பது செம்மண், கமேரோ என்பது வெள்ளை மண். அவர்கள் கைக்கு நாம் கிட்ட வர முடியாது. குழைத்த மண் தேறுமா என்று பார்க்க, 2 சென்டிமீட்டர் உருண்டை ஐந்தாறு பிடித்து 48 மணி நேரம் நிழலில் காயவைத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். ஒன்றுகூட உடையாவிட்டால் கட்டுமானத்துக்கு ஆகும். காயும்போதே வெடிப்பு விட்டால் களி அதிகம். மணலோ வைக்கோலோ சேருங்கள்.

கேள்வி: முக்கோணச் சுவரை இடிக்கச் சொல்வது ஏன்? நன்றாக நிற்கும் சுவரை இடித்தால் வீட்டுக்காரர் மனம் நோகாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: நோகும். அதனால்தான் இடிக்கும் முன் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கூரைச் சரிவுக்கு இரு முனையிலும் நிற்கும் அந்த முக்கோணத்தை மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆட்டத்தில் முதலில் வெளியே சாய்வது அது. கூரைச் சரிவு தொடங்கும் மட்டம்வரை கல்லை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மரச்சட்டம் அடித்துத் தகரம் வைப்பார்கள். இறக்கும்போது மேலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கையில் வாங்கி இறக்குங்கள், தள்ளிவிடாதீர்கள். கீழே நிற்பவருக்குத் தலைக்கவசம் கட்டாயம். அந்தக் கல் வீணாகாது, களத்துக்குத் தளம் போடலாம்.

கூரை கல்பலகையாக இருந்தால் அதையும் மாற்றுவது நல்லது. 26 கேஜ் நெளிதகரம் சதுர மீட்டருக்கு 5 கிலோ கூட வராது. கல்பலகை அதைப்போல் பத்து மடங்கு. 28 கேஜ் விலை குறைவு என்று கடைக்காரர் காட்டுவார். எண் கூடினால் தகரம் மெலியும், நினைவிருக்கட்டும். மேற்படி 6 × 4.5 மீட்டர் வீட்டுக்கு 10 அடித் தகடு, அகலத்தைப் பொறுத்து 20 முதல் 24 வரை, முகட்டுத்தகடு தனி. பக்கவாட்டில் ஒன்றரை நெளி ஏற வேண்டும். திருகாணியை நெளியின் மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் முதல் மழைக்கே ஒழுகும். பாரம் குறைந்த கூரையைக் காற்று தூக்கும், ஆகவே கைமரத்தைச் சுவரின் மேல்பட்டையோடு கம்பியால் கட்டாமல் தகரம் ஏற்றக் கூடாது. இந்தக் கட்டு மறந்துபோன கூரைகள் ஏராளம்.

கேள்வி: எந்த வீட்டைத் தொடவே கூடாது?
– வாசகர், சேலம்

பதில்: தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், பிறகு ஒரு கருவியின் கைப்பிடியால் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். வயிறு தள்ளிய இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்டால் இரு முகமும் ஏற்கெனவே பிரிந்துவிட்டன. அங்கே துளை போட்டால் உங்கள் மேலேயே விழும். அந்தத் துண்டை முட்டுக் கொடுத்து இறக்கி, நீளக்கல்லோடு புதிதாகக் கட்ட வேண்டும். பாதிச் சுவருக்கு மேல் அப்படி இருந்தாலோ, வீடு நிற்கும் மேடே சரிந்து நிலத்தில் வெடிப்பு ஓடினாலோ செப்பனிடும் பேச்சே வேண்டாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் நேரில் வந்து பார்த்த பொறியாளர். உற்சாகத்தில் இருக்கும் தொண்டர் இதை முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: பினாங்கிலிருந்து எழுதுகிறேன். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாமா? தமிழகத்திலிருந்து வரும் என் தங்கைக்கும் விசா வேண்டுமா?
– வாசகி, மலேசியா

பதில்: உங்கள் தங்கை இந்தியக் குடிமகள் என்றால் விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிப் பலர் விமான நிலையத்தோடு திரும்பியிருக்கிறார்கள்.

உங்களுக்கு விசா வேண்டும். காட்மாண்டில் இறங்கியதும் 15, 30, 90 நாளுக்குச் சுற்றுலா விசா கிடைக்கும். ஆனால் அந்த விசாவில், சம்பளம் வாங்காவிட்டாலும், வேலை செய்ய நேபாளச் சட்டம் அனுமதிப்பதில்லை. "எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று சொல்லும் அமைப்பைத் தவிருங்கள். அழைக்கும் அமைப்பு நேபாளத்தின் சமூக நலக் கவுன்சிலோடு இணைந்ததா, உங்களுக்கு உரிய அனுமதி அவர்களே வாங்கித் தருகிறார்களா, அந்த வீட்டுக்கு வரைபடமும் பொறியாளரும் உண்டா, ஊரின் வார்டு அலுவலகத்துக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

கேள்வி: போக எது நல்ல மாதம்? என்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: ஜூன் முதல் செப்டம்பர்வரை வேண்டாம். மழை, மண்சரிவு, சாலை அடைப்பு. அதோடு நாற்று நடும் காலம், வீட்டுக்காரர் வயலில் இருப்பார். தசைன் (நம் தசரா), திகார் (நம் தீபாவளி) பண்டிகைகளில் டகர்மி கிடைக்க மாட்டார். திகார் முடிந்து டிசம்பர் நடுப்பகுதிவரையும், பிப்ரவரி முதல் மே வரையும் தோதான காலம். நவம்பரில் நெல் அறுவடை ஒரு வாரம் குறுக்கிடலாம். ஜனவரியில் உயரமான ஊர்களில் இரவு உறைபனி விழும். 5 டிகிரிக்குக் கீழே சிமெண்ட் சரியாக இறுகாது, அப்படி வார்த்தால் வைக்கோலால் மூட வேண்டும். வார விடுமுறை அங்கே சனிக்கிழமை.

தடித்த கையுறை, முன்பக்கம் இரும்பு வைத்த காலணி, கண்ணாடி, நல்ல தூசிமுகமூடி. பழைய மண்ணைச் சுரண்டும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. புறப்படும் முன் டெட்டனஸ் ஊசி கட்டாயம், டைஃபாய்டு, மஞ்சள்காமாலை ஏ ஊசிகளும் போட்டுக்கொள்ளுங்கள். கல் இடுக்கில் பாம்பும் தேளும் இருக்கும், கை விடும் முன் கம்பி விட்டுப் பாருங்கள். "பிஸ்தாரை" என்ற ஒரு நேபாளிச் சொல் தெரிந்தால் சாரத்தின் மேல் பாதி ஆபத்து குறையும். "மெதுவாக" என்று பொருள்.

கேள்வி: அரசே பணம் கொடுத்ததாமே, பிறகு ஏன் நாம் போக வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: கொடுத்தது. 2015 டிசம்பரில் அமைந்து 2021 டிசம்பரில் முடிந்த தேசிய மறுகட்டமைப்பு ஆணையம், வீடு இழந்த குடும்பத்துக்கு 50,000, 1,50,000, 1,00,000 என்று மூன்று தவணையாக 3 லட்சம் நேபாள ரூபாய் தந்தது. 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மதிப்பில் அது 1,87,500 இந்திய ரூபாய். பழுதான வீட்டைப் பலப்படுத்த 1 லட்சம் நேபாள ரூபாய். சாலை இல்லாத ஊரில் சுமைகூலியே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். லால்புர்ஜா எனப்படும் நிலப்பத்திரம் கையில் இல்லாதவர்களுக்கு அந்த உதவியைப் பெறுவதே பெரும்பாடு. பத்திரமில்லாத ஐலானி நிலத்தில் குடியிருப்பவர்கள், கோயில் அறக்கட்டளைக்குரிய குத்தி நிலத்தில் இருப்பவர்கள், கணவர் பெயரில் பத்திரம் இருக்கும் விதவைகள் இதில் சிக்கினார்கள். வீடு தேர்ந்தெடுக்கும்போது, செப்பனிடும் வீடுகளின் பட்டியலில் இவர்கள் இருக்கிறார்களா என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். பணத்தைக் கையில் கொடுப்பதைவிட, சிமெண்டையும் தகரத்தையும் வீட்டுக்காரர் பெயரில் கடையில் எழுதி வாங்கிக் கொடுங்கள். ரசீது அவரிடமே இருக்கட்டும்.

கேள்வி: வேலை முடிந்து திரும்பும்போது வீட்டுக்காரருக்கு என்ன கொடுத்துவிட்டு வரலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மிஞ்சிய கம்பி, திருகாணி, ரசமட்டம், ஒரு நல்ல கரண்டி. அதைவிட முக்கியமாக ஒரு நோட்டுப்புத்தகம். நான்கு சுவரையும் தனித்தனிப் பக்கத்தில் வரைந்து, பிணைப்புக் கம்பி எங்கெங்கே இருக்கிறது, வலை எந்த உயரத்தில் ஓடுகிறது, எந்தத் தேதியில் வார்த்தது என்று குறித்து, மூடும் முன் எடுத்த படங்களை அச்சிட்டு ஒட்டிக் கொடுங்கள். மண்பூச்சு ஏறியதும் எதுவும் வெளியே தெரியாது. ஐந்து ஆண்டு கழித்து மகன் புது சன்னல் வெட்ட நினைத்தால், பட்டையை வெட்டிவிடாமல் காப்பது அந்தப் படம்தான். எழுத்து நேபாளியில் இருக்கட்டும், ஊர் ஆசிரியர் யாரேனும் எழுதித் தருவார். தேதியை அவர்களுடைய விக்ரம் ஆண்டில் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டே வேலை: ஒவ்வொரு மழைக்கும் முன்னால் கூரைத் திருகாணிகளை இறுக்குவது, சுவரடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்காலைத் தூர்வாருவது.